பெட்டகத்துக்குள்ளிருந்து சொல்லப்பட்ட கதைகள்: செட்டிநாட்டின் கொள்ளையரும் சீட்டாட்டக் கூடங்களும்

கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ ஒரு பெரிய வீட்டைச் சுற்றிப் பார்க்கப் போனால், முகப்பைத் தாண்டி வளவுக்குள் கால் வைத்ததும் கூட்டிப்போகிறவர் மேலே கையைக் காட்டுவார். வானம் தெரியும் திறப்பின் குறுக்கே இரும்புக் கம்பி வலை. "கொள்ளைக்காரன் கூரை வழியா இறங்கிடக் கூடாதுல்ல" என்பார். அடுத்து மாடிக் கூடம். "இங்கதான் விடிய விடியச் சீட்டாட்டம். ஒரே ராத்திரியில ரங்கூன் கடையைத் தோத்தவங்க எல்லாம் உண்டு." அந்த வலையைப் பற்றி வீட்டு ஆச்சியிடம் கேட்டால் பதில் வேறு மாதிரி வரும். "குரங்குத் தொல்லை தம்பி, வேறென்ன?"

கம்பி வலைக்கும் குரங்குக்கும் நடுவே எங்கோ கிடக்கிறது இக்கட்டுரையின் பொருள். 1930-களின் உலகப் பொருளாதாரப் பெருமந்தக் காலத்தைப் பற்றிச் செட்டிநாட்டில் சொல்லப்படும் கொள்ளையர் கதைகள், சூதாட்டக் கதைகள் எவை? அவை எங்கிருந்து வந்தன? பதிவேட்டில் இருப்பது எது, சினிமாவிலிருந்து இறங்கியது எது? எல்லாவற்றுக்கும் மேலாக எனக்குள்ள கேள்வி இது: இவ்வளவு பணம் புழங்கிய இந்த எழுபத்துச் சொச்ச ஊர்களில், பேர் சொல்லிப் பாடும்படி ஒரு கொள்ளை நாயகன் ஏன் உருவாகவில்லை?

இதே காலத்து அமெரிக்காவை முதலில் பார்த்துவிடலாம். அங்கே இந்தக் கதைகளுக்குப் பஞ்சமே இல்லை. ஆர்கன்சாஸ் மாநிலத்து ஹாட் ஸ்பிரிங்ஸ் என்ற வெந்நீர் ஊற்று ஊர், சட்டவிரோதச் சூதாட்ட விடுதிகளாலேயே பெயர் பெற்றது. சிகாகோ குண்டர் தலைவன் அல் கபோன் தங்கிய அறை இது என்று ஓட்டலில் இன்றும் காட்டுகிறார்கள். குண்டர்களுக்கென்று ஒரு அருங்காட்சியகமே உண்டு. கனடாவின் மூஸ் ஜா என்ற ஊரில் தரைக்கடியில் சுரங்கப் பாதைகளைக் காட்டி, கபோன் இங்கே ஒளிந்திருந்தார் என்று சீட்டுக் கொடுத்துச் சுற்றிக் காட்டுகிறார்கள். அவர் அந்த ஊருக்கு வந்ததற்கு ஒரு துண்டுச் சான்றுகூடக் கிடையாது. சுற்றுலாப் பயணிகளுக்கு அதைப் பற்றிக் கவலையும் கிடையாது. நமக்கு இது புதிதா என்ன? தமிழ்நாட்டில் எந்தக் கோட்டைக்குப் போனாலும், எந்த அரண்மனைக்குப் போனாலும், பத்து மைல் தள்ளியிருக்கும் கோயிலுக்கு அங்கிருந்து ஒரு சுரங்கப் பாதை போகும். குதிரை போகிற அகலம் இருக்கும். பாம்பு இருக்கிறது என்று அடைத்துவிட்டிருப்பார்கள். செட்டிநாட்டு வீடுகளுக்கும் இந்தச் சுரங்கம் வந்து சேர்ந்திருக்கிறது.

அமெரிக்கக் கொள்ளையன் நாயகன் ஆனதற்குக் காரணம் துலக்கமானது. 1929-க்குப் பிறகு வங்கிகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடின. மூடாத வங்கிகள் கடன் கட்டாத குடியானவர்களின் பண்ணைகளை ஏலத்துக்குக் கொண்டுவந்தன. அந்த வங்கியில் ஒருவன் துப்பாக்கியோடு நுழைந்தால் ஊர் கைதட்டாமல் என்ன செய்யும்? ப்ரிட்டி பாய் ஃப்ளாய்ட் என்பவன் கொள்ளையடிக்கும்போதே அடமானப் பத்திரங்களையும் கிழித்துப் போடுவான் என்று ஒரு கதை. வங்கிக் கொள்ளையன் ஜான் டில்லிஞ்சர் 1934 ஜூலை 22 அன்று சிகாகோவில் சினிமாக் கொட்டகை வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டபோது, ரத்தத்தில் கைக்குட்டையை நனைத்துக்கொண்டு போனவர்கள் இருந்தார்கள் என்கிறார்கள். கதை கடனாளியின் பக்கத்தில் நின்று சொல்லப்பட்டது. வில்லன் வங்கி.

இந்தக் கதையைக் காரைக்குடிக்குக் கொண்டுவந்து வைத்துப் பார்த்தால் அது தலைகீழாக நிற்கிறது. ஏனென்றால் இங்கே வங்கி என்பதே ஊர்தான்.

பர்மாவின் வங்கித் தொழிலை விசாரிக்க 1929-30இல் அமைக்கப்பட்ட குழு, நகரத்தார் எனப்படும் செட்டிநாட்டுச் செட்டியார்கள் அங்கே போட்டிருந்த முதலைச் சுமார் 75 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது. ஐராவதி வடிநிலத்தில் கடைகோடிச் சிற்றூர் வரை செட்டியார் கடை இருந்தது. காடு வெட்டி வயலாக்கிய பர்மியக் குடியானவருக்கு விதைக்கும் மாட்டுக்கும் கூலிக்கும் கடன் கொடுத்தது அந்தக் கடைதான். ஆங்கிலேயரின் பெரிய வங்கிகள் வயலோரம் வந்ததே இல்லை. 1930-31இல் நெல் விலை பாதிக்கும் கீழே சரிந்தது. கடனைக் கட்ட முடியவில்லை, அடமானம் மூழ்கியது, நிலம் கடைக்காரர் பேருக்கு மாறியது. கீழ்ப்பர்மாவின் முதன்மை நெல் மாவட்டங்களில் 1930இல் சாகுபடி நிலத்தில் 6 விழுக்காடு செட்டியார்கள் வசம் இருந்தது; 1938க்குள் அது 25 விழுக்காடு ஆயிற்று. எட்டே ஆண்டு.

இதை நகரத்தார் விரும்பிச் செய்யவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். வட்டித் தொழில் செய்பவனுக்கு வேண்டியது ரொக்கம்; சேற்று நிலத்தை வைத்துக்கொண்டு அவன் என்ன செய்வான்? விலை போகாத நிலம் கையில் சேரச் சேர இங்கே ஊரில் கைமாற்றுக்கும் திண்டாட்டம். "மஞ்சக் கடுதாசி கொடுத்துட்டார்" என்ற பேச்சு அந்தக் காலத்தில் எத்தனை வீட்டு முகப்புகளில் தாழ்ந்த குரலில் பேசப்பட்டிருக்கும்! ஆனால் பர்மியக் குடியானவரின் கண்ணுக்கு இந்தத் திண்டாட்டம் தெரியவில்லை. நிலம் போனதுதான் தெரிந்தது. 1930 டிசம்பரில் தாராவதி மாவட்டத்தில் சாயா சான் தலைமையில் வெடித்த குடியானவர் எழுச்சியின் கோபம் சர்க்காரின் வரிமீதும் கடன்காரர்மீதும் சேர்ந்தே பாய்ந்தது. சாயா சான் 1931 நவம்பரில் தூக்கிலிடப்பட்டார். பர்மிய நினைவில் அவர் வீரர். பெருமந்தக் காலத்தில் செட்டிநாட்டுப் பணத்துக்கு எதிராக எழுந்த நாயகன் ஒருவன் உண்டு என்றால் அவர்தான்; அவருக்கான பாட்டு தமிழில் இல்லாததில் வியப்பில்லை.

ஆகவே இங்கே சொல்லப்படும் கொள்ளைக் கதைகள் எல்லாம் பெட்டகத்துக்கு உள்ளே நின்று சொல்லப்பட்டவை. அவற்றில் கொள்ளையனுக்கு முகம் இருக்காது, பேர் இருக்காது. கதவுக்குப் பேர் இருக்கும். பூட்டுக்குப் பேர் இருக்கும். எந்த அறையில் கழுத்துருத் தாலியை ஒளித்து வைத்தார்கள் என்பது ஆச்சி பெயரோடு சொல்லப்படும். நாயகன் வீடுதான்.

கதைகளைக் கேட்டுப் பழகியவர்களுக்கு அவற்றின் வார்ப்பு தெரிந்திருக்கும். முன்கூட்டியே கடிதம் போட்டுவிட்டு வரும் கொள்ளையன்: "வருகிற அமாவாசைக்கு வருகிறோம், சாவியை எடுத்து வைக்கவும்." அவன் வருவான், வீட்டுப் பெரிய ஆச்சி மோர் கொடுப்பார், உண்ட வீட்டில் கைவைக்க மாட்டேன் என்று போய்விடுவான். இந்தக் கதையைத் தஞ்சாவூர்ப் பக்கம் மிராசுதார் வீட்டுக்கும் சொல்கிறார்கள், கொங்கு நாட்டில் பண்ணையார் வீட்டுக்கும் சொல்கிறார்கள். மோர் சில இடங்களில் சோறாகும், ஆச்சி அம்மாயி ஆவார், அவ்வளவுதான் மாற்றம். ஒரே கதை இத்தனை வீடுகளில் நடந்திருக்க முடியாது. ஆனால் அது எதைச் சொல்லவருகிறது என்று பார்த்தால் ஒரு பழைய ஏற்பாடு கண்ணில் படும்.

அந்த ஏற்பாட்டின் பேர் காவல். தென் மாவட்டங்களில் காவல்துறை வருவதற்கு முன்பும், வந்த பின்பு நெடுங்காலமும், ஊர்க்காவல் என்பது பரம்பரை உரிமை. காவல்காரருக்கு விளைச்சலில் பங்கு உண்டு. களவு போனால் அவரே துப்புப் பிடித்துப் பொருளை மீட்டுத் தருவார். அதற்குத் துப்புக் கூலி. கூலி கொடுக்க மறுத்தால் மாடு திரும்பாது. காவலே வேண்டாம் என்றால் வைக்கோற்போர் தீப்பற்றும். இந்த இடத்தில்தான் அமெரிக்கக் குண்டர் உலகத்தோடு மெய்யான ஒற்றுமை இருக்கிறது. சிகாகோவில் கடைக்காரரிடம் 'பாதுகாப்பு' என்று சொல்லி மாதப்பணம் வாங்கியவர்கள் செய்ததும் இதே கணக்குதான். 1896 வாக்கில் மதுரை மாவட்டக் கிராமங்கள் ஒன்றுகூடிக் காவலை மறுத்து ஒரு பெரிய இயக்கமே நடத்தின.

ஆனால் இந்த ஒப்பீட்டை நெடுந்தூரம் இழுக்கக் கூடாது; இழுத்தால் ஆங்கிலேய சர்க்கார் செய்த தவறையே நாமும் செய்வோம். அவர்கள் ஏற்பாட்டை விட்டுவிட்டுச் சாதியைப் பிடித்தார்கள். குற்றப் பரம்பரைச் சட்டம் என்று ஒன்றைப் போட்டு, பிறப்பாலேயே திருடர் என்று முழுச் சமூகங்களைப் பதிவேட்டில் ஏற்றி, இரவு நேரம் வீட்டில் தூங்கவிடாமல் சாவடியில் படுக்க வைத்தார்கள். 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் கைரேகை வைக்க மறுத்தவர்கள்மீது சுட்டார்கள். சென்னை மாகாணத்தில் 1947இல்தான் இந்தச் சட்டம் ஒழிந்தது. பெருமந்தக் காலக் 'கொள்ளையர்' பற்றிய போலீஸ் பதிவுகளைப் படிக்கிறவர்கள் இதை மறக்கக் கூடாது. அந்தக் காகிதங்களில் 'வழக்கமான குற்றவாளி' என்று எழுதியிருந்தால், பாதி நேரம் அதன் பொருள் அவர் பிறந்த சாதி என்பதுதான்.

சென்னை மாகாணத்துக் கொள்ளைக் குற்றங்களை 1860 முதல் 1940 வரை ஆராய்ந்த டேவிட் ஆர்னால்டு, பஞ்சமும் தானிய விலையேற்றமும் வந்தபோதெல்லாம் கொள்ளை கூடியது என்று காட்டியிருக்கிறார். வயிறு காய்ந்தவன் தானியக் கிடங்கை உடைக்கிறான். பெருமந்தமோ நேர்மாறான துன்பம்: அரிசி மலிந்து கிடக்கிறது, வாங்கக் காசு இல்லை. மேலும் செட்டிநாட்டின் சொத்து எங்கே இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். ரங்கூன் மொகல் தெருக் கடையின் பேரேட்டில் ஒரு வரி. பினாங்கிலோ சிங்கப்பூர் மார்க்கெட் தெருக் கிட்டங்கியிலோ ஒரு புரோநோட்டு. கொழும்புச் செட்டியார் தெருவில் ஓர் உண்டியல். காரைக்குடியில் கதவை உடைத்து நுழைகிறவனால் பர்மாவில் இருக்கும் வயலைத் தூக்கிக்கொண்டு ஓட முடியுமா? நகையும் வெள்ளிச் சாமானும் கிடைக்கலாம். செல்வத்தின் உடம்பு கடலுக்கு அப்பால் இருந்தது.

அமெரிக்கக் குண்டர் உலகத்துக்கு உரம் போட்ட இன்னொன்றும் இங்கே இல்லை: மதுவிலக்கு. 1920 முதல் 1933 வரை அங்கே சாராயத்தைத் தடை செய்ததால்தான் கபோன்கள் கொழுத்தார்கள். நம் மாகாணத்தில் ராஜாஜி 1937 அக்டோபர் 1 அன்று சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். மாகாணம் முழுவதற்கும் அது விரிந்தது 1948 அக்டோபர் 2 அன்றுதான். முப்பதுகளில் இராமநாதபுரம் மாவட்டத்தில் கள்ளுக்கடைக் குத்தகை சர்க்கார் ஏலத்தில் நடந்தது. கள்ளச் சரக்குக்குச் சந்தை இல்லாத இடத்தில் அதைக் கட்டியாளும் கூட்டம் எப்படி வளரும்?

ஒன்று மட்டும் இருந்தது, எல்லைக்கோடு. செட்டிநாட்டு ஊர்களில் பல அன்று பிரிட்டிஷ் இராமநாதபுரத்தில் இருந்தன. இராமச்சந்திரபுரம், இராயவரம், கோனாபட்டு போன்றவை புதுக்கோட்டைத் தொண்டைமான் சமஸ்தானத்தில் இருந்தன. கானாடுகாத்தானிலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் வேறு போலீஸ், வேறு கோர்ட்டு. 1948 மார்ச்சில் சமஸ்தானம் இந்தியாவோடு இணையும் வரை இந்தக் கோடு இருந்தது. அமெரிக்கக் கொள்ளையர் காரில் மாநில எல்லையைத் தாண்டியதும் துரத்தும் போலீஸ் நின்றுவிடும் என்பதுபோல, "திருமயம் தாண்டிட்டா ஒண்ணும் பண்ண முடியாது" என்ற பேச்சுக்கு இங்கே சட்டப்படியே ஒரு அடித்தளம் உண்டு. இந்த எல்லைக்கோட்டை வைத்து யாரும் இன்னும் ஒரு நாவல் எழுதியதாகத் தெரியவில்லை என்பது எனக்கு வருத்தம்.

இனிச் சூதாட்டம். இங்கே கதைக்கும் சட்டத்துக்கும் ஒரு விசித்திரப் பொருத்தம். பெருமந்தம் இங்கே வந்து சேர்ந்த அதே 1930இல்தான் சென்னை மாகாணச் சூதாட்டச் சட்டம் வந்தது. சென்னை நகரத்துக்கு ஏற்கெனவே போலீஸ் சட்டம் இருந்ததால், இது வெளியூர்களுக்கென்று போட்டது. இன்றும் தமிழ்நாடு சூதாட்டச் சட்டம், 1930 என்ற பெயரில் சாவடிகளில் உயிரோடு இருக்கிறது. அந்தச் சட்டத்தின் சூட்சுமம் 'பொதுச் சூதாட்ட இல்லம்' என்ற சொல்லில் இருக்கிறது. சீட்டு, தாயக்கட்டை போன்றவற்றை வைத்து, இடம் கொடுத்ததற்கோ சாமான் கொடுத்ததற்கோ இடத்துக்காரர் காசு பார்த்தால் அது சூதாட்ட இல்லம். தெருவிலும் பொது இடத்திலும் ஆடினால் குற்றம். திறமையால் மட்டுமே ஆடும் ஆட்டத்துக்கு விலக்கு.

அப்படியானால் ஒரு பெரிய வீட்டு மாடிக் கூடத்தில் சொந்தக்காரர் ஒரு காசு எடுக்காமல், காப்பியும் பலகாரமும் அவரே கொடுத்து, பங்காளிகளும் சம்பந்திகளும் கூடி ஆயிரக்கணக்கில் ஆடினால்? சட்டத்தின் கை நீளாது. சத்திரத்துத் திண்ணையில் நாலணா வைத்து மங்காத்தா போட்ட வண்டிக்காரர் பிடிபடுவார். செட்டிநாட்டில் 'சூதாட்ட விடுதி' என்று பேர் பெற்ற பழைய இடம் எதுவும் இல்லாததற்குக் காரணம், யாரும் ஆடவில்லை என்பதா? ஆடியவர்களுக்கு விடுதி தேவைப்படவில்லை, அதுதான் காரணம். பட்டாலை இருந்தது, ஜமக்காளம் இருந்தது, திண்டு இருந்தது.

கல்யாணங்களை எடுத்துக்கொள்ளுங்கள். நாள்கணக்கில் நடந்த அந்தக் காலத்துக் கல்யாணங்களில் ஆண்களுக்கு வேலை கொஞ்சம், பொழுது நிறைய. சீட்டுக் கச்சேரி என்பது சமையலைப் போல, நாகஸ்வரத்தைப் போலக் கல்யாணத்தின் ஓர் அங்கம். முந்நூற்று நாலு, ரம்மி, பணம் வைத்தால் மங்காத்தா. பெரும்பாலும் பொழுதுபோக்கு. தோற்றவர் அடுத்த கல்யாணத்தில் பிடித்துக்கொள்வார். ஆனால் 'ஒரே ராத்திரியில் ரங்கூன் கடையைத் தோற்ற' கதை இந்த ஜமக்காளத்திலிருந்துதான் கிளம்புகிறது. அதை நான் நம்பவில்லை. நகரத்தார் தொழிலின் கட்டுக்கோப்பு தெரிந்தவர்கள் யாரும் நம்ப மாட்டார்கள். கடை என்பது ஒருவர் சீட்டில் வைக்கும் பொருள் அல்ல. அதில் பங்காளிகளின் முதல் இருக்கிறது, கோயில் கணக்கு இருக்கிறது, பெண்பிள்ளைகளின் சீதனம் வட்டிக்குப் போட்டிருக்கிறது. கடலுக்கு அப்பால் கொண்டுவிற்கப் போன மேலாள் மூன்றாண்டுக் கணக்கை முடித்துத் திரும்பும்போது ஒரு சல்லி குறைந்தாலும் பேரேடு காட்டிக் கொடுத்துவிடும்.

பின் ஏன் இந்தக் கதை? என் ஊகம் இது. 1930-களில் பல குடும்பங்களின் செல்வம் கண்ணுக்குத் தெரியாமல் கரைந்தது. நெல் விலை, ரப்பர் விலை, மூழ்கிய அடமானம். 1937 ஏப்ரல் 1 அன்று பர்மா இந்தியாவிலிருந்து பிரிந்தது. 1938இல் சென்னை மாகாணத்தில் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் வந்து இங்குள்ள கடன்களையும் வெட்டியது. 1942இல் ஜப்பான்காரன் வந்தான். 1948இல் சுதந்திர பர்மா நிலத்தைத் தேசியமாக்கச் சட்டம் போட்டது. இத்தனையையும் பேரப்பிள்ளைக்கு எப்படி விளக்குவது? 'உங்க ஐயா சீட்டாடித் தோத்தாரு' என்று சொல்லிவிட்டால் ஒரே வரியில் முடிந்தது. உலகச் சந்தையின் குற்றத்தை ஒரு தாத்தாவின் தலையில் கட்டிவிட்டது குடும்பக் கதை. பாவம் அந்தத் தாத்தா, நாலணா மங்காத்தாவுக்கு மேல் ஆடியிருக்க மாட்டார்.

மெய்யான பந்தயக்காரர்கள் வேறு இடத்தில் இருந்தார்கள். அவர்கள் ஒளிந்து ஆடவும் இல்லை. புதுக்கோட்டை மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் ஆஸ்திரேலியப் பெண் மோலி ஃபிங்க்கை 1915இல் மணந்தவர், அங்கே பந்தயக் குதிரைகள் வைத்திருந்தவர். 1928இல் பாரிசில் காலமானார். கானாடுகாத்தான் அரண்மனைக் குடும்பத்தில் பிறந்த எம்.ஏ.எம். இராமசாமி (1931–2015) இந்தியக் குதிரைப் பந்தய உலகத்தின் மிகப் பெரிய பெயர்களில் ஒன்று. மெட்ராஸ் ரேஸ் கிளப்பின் தலைவராகப் பல்லாண்டு இருந்தார். 1974இல் கலைஞர் அரசு குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் போட்டது. குதிரைப் பந்தயம் திறமை ஆட்டம் என்று 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. வண்டிக்காரரின் மங்காத்தா மட்டும் அதிர்ஷ்ட ஆட்டமாகவே இருந்துவருகிறது.

அமெரிக்கக் குண்டர் உலகத்துக்கும் தமிழ்த் தெருவுக்கும் நேரான உறவு ஒன்று உண்டு. அது யாருக்கும் நினைவில்லாத ஒரு சொல்லில் ஒளிந்திருக்கிறது. 1930-களில் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் ஏழைகள் மூன்று இலக்க எண்ணில் காசு கட்டினார்கள். வெல்லும் எண்ணை யாரும் குலுக்கி எடுப்பதில்லை. வங்கித் தீர்வகத்தின் அன்றாடத் தொகையிலிருந்தோ குதிரைப் பந்தய வசூலிலிருந்தோ எடுப்பார்கள், அப்போதுதான் ஏமாற்ற முடியாது என்று நம்பிக்கை. டச் ஷுல்ட்ஸ் என்ற குண்டன் அதிலும் புகுந்து ஏமாற்றினான். 1935இல் சுடப்பட்டுச் செத்தான். அதே யுக்தி பம்பாயில் வேறு வேடத்தில் வந்தது. நியூயார்க் பஞ்சுச் சந்தையின் தொடக்க விலை, முடிவு விலை தந்தியில் வரும். அதன் எண்ணில் பந்தயம். 1961இல் பஞ்சு விலை வருவது நின்றதும், பானைக்குள் சீட்டுப் போட்டு எடுத்தார்கள். மட்கா என்று பேர் வந்தது. தமிழ்நாட்டில் பானை வரவில்லை, பஞ்சுதான் தங்கியது. "காட்டன் சூதாட்டம்: நால்வர் கைது" என்று இன்றும் நாளிதழ் மூலையில் பெட்டிச் செய்தி வருகிறது. பஞ்சையே பார்த்திராத ஆள் எண்ணில் காசு கட்டி, நியூயார்க்கின் பேரைச் சொல்லிப் பிடிபடுகிறார்.

கொள்ளையனுக்கு முகம் இல்லை என்றேன். முகம் கொடுத்தது எழுத்தும் சினிமாவும். திருநெல்வேலிப் பக்கம் 1923இல் சுட்டுக் கொல்லப்பட்ட கொள்ளையர் ஜம்புலிங்கம் உண்மையில் வாழ்ந்தவர்; தோனாவூரில் இருந்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அவரைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு புத்தகமே எழுதினார்; சந்தைகளில் காலணாப் பாட்டுப் புத்தகமாகவும் அவர் விற்றார். அங்கிருந்து சரடு நேராக 1930-களுக்கு வருகிறது. கல்கியின் 'கள்வனின் காதலி' 1937இல் வந்தது. நாமக்கல் கவிஞர் சிறையில் எழுதிய 'மலைக்கள்ளன்' 1954இல் எம்.ஜி.ஆர். முகத்தோடு திரைக்கு வந்தது. ரகசிய அறை, சுழலும் சுவர், நிலவறை எல்லாம் வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஜே.ஆர். ரங்கராஜு நாவல்களில் ஏற்கெனவே தாராளமாகக் கிடைத்தன. இந்த நாவல்களைப் படித்து வளர்ந்த வீடுகளில் நிலவறை முளைத்ததில் ஆச்சரியம் இல்லை. ஏவி.எம். மெய்யப்பன் நாற்பதுகளில் காரைக்குடி தேவகோட்டை ரஸ்தாவிலேயே ஸ்டுடியோ போட்டு 'நாம் இருவர்' எடுத்தார். பிற்காலத்தில் இந்த வீடுகளே பண்ணையார் பங்களாவாகவும் வில்லன் மாளிகையாகவும் நூற்றுக்கணக்கான படங்களில் நடித்தன. படத்தில் பார்த்த கூடத்தை நேரில் காட்டும்போது, கூட்டிப்போகிறவர் படத்துக் கதையையும் சேர்த்துக் காட்டிவிடுகிறார்.

இந்தப் பிரதேசத்து ஆள் ஒருவர் குண்டும் சூதும் நிறைந்த உலகத்தை மெய்யாகவே பார்த்து எழுதினார் என்றால் அது சிங்கம்புணரிக்காரரான ப. சிங்காரம். முப்பதுகளின் இறுதியில் பதினெட்டு வயதில் சுமத்ராவின் மெடான் நகருக்கு வட்டிக்கடைப் பையனாகக் கப்பலேறியவர். அவருடைய 'புயலிலே ஒரு தோணி' 1972இல் வந்தது. துப்பாக்கி, மதுக்கூடம், வட்டிக்கடை, பினாங்குத் தெரு எல்லாம் அதில் ஒரே மூச்சில் வருகின்றன. செட்டிநாட்டின் குண்டர் கதை செட்டிநாட்டில் நடக்கவில்லை, சுமத்ராவில் நடந்தது என்று அந்த நாவலைப் படித்த பின் சொல்லத் தோன்றும்.

கடைசியாக, யாரும் சுற்றுலாவில் காட்டாத ஒன்று. பெருமந்தத்தின் அந்த ஆண்டுகளில் இதே வட்டாரத்தில் வன்முறை நடக்காமல் இல்லை. நடந்தது, எழுத்தில் இருக்கிறது. 1930 டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்து ஆதிக்க சாதி நாட்டார்கள் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் போட்டார்கள். தங்கம் வெள்ளி அணியக் கூடாது, முழங்காலுக்குக் கீழே ஆடை இறங்கக் கூடாது, சட்டை கூடாது, முடி வெட்டிக்கொள்ளக் கூடாது, மண்பாண்டம் தவிர வேறு கூடாது, பெண்கள் மேலாடை அணியக் கூடாது, பூவும் மஞ்சளும் கூடாது, குடையும் செருப்பும் கூடாது. கீழ்ப்படியாதவர்களின் குடிசைகள் எரிந்தன, தானியம் அழிந்தது, ஆடுமாடுகள் கொள்ளை போயின. 1931 ஜூனில் தடைகள் பதினொன்றாகப் பெருகின. மக்கட்தொகைக் கணக்கெடுப்பு ஆணையராக இருந்த ஹட்டன் இதைத் தன் நூலில் பதிவு செய்திருக்கிறார். பர்மாவுக்கும் இலங்கைக்கும் போய்ச் சம்பாதித்து நல்ல துணி உடுத்தித் திரும்பியவர்கள்மீதான எரிச்சல், விலை விழுந்த காலத்தில் தீயாக மாறியது என்றே எனக்குப் படுகிறது.

1930-களில் இந்த மண்ணில் நடந்த கொள்ளை இதுதான். பேரில்லாத கொள்ளையனுக்கு மோர் கொடுத்த ஆச்சியின் கதை வீட்டுக்கு வீடு சொல்லப்படுகிறது. குடிசை எரிந்தவர்களின் கதையைப் பெரிய வீட்டு முகப்பில் நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. ஆகவே என் தீர்ப்பு: செட்டிநாட்டுக் கொள்ளையர் கதைகள் வரலாற்றுச் சான்றுகளாகத் தேறா. செல்வம் போன அச்சத்தின் சான்றுகளாக அவை பொன்னானவை. கதைகளைச் சேகரிக்கிறவர்கள் இரண்டையும் ஒரே நோட்டில் எழுத வேண்டும். மோரை மட்டும் எழுதிக்கொண்டு போகக் கூடாது.

சான்று எங்கே கிடைக்கும் என்றால், பரணில். கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்த ரோஜா முத்தையா என்ற தனிமனிதர், ஊர் வேண்டாம் என்று எறிந்த காலணாப் பாட்டுப் புத்தகம், நாடக நோட்டீஸ், கல்யாண அழைப்பு, மாத இதழ் என்று லட்சத்தை எட்டும் அளவுக்குச் சேர்த்து வைத்தார். 1992இல் அவர் மறைந்த பிறகு அந்தத் தொகுப்பை வாங்கிக் காப்பாற்றியது சிகாகோ பல்கலைக்கழகம். டில்லிஞ்சர் விழுந்த ஊர்தான். புத்தகங்கள் நல்லவேளை அங்கே போகாமல் சென்னையிலேயே ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக நிற்கின்றன. பாட்டும் கதையும் அங்கே கிடைக்கும். கணக்கு இன்னும் உங்கள் வீடுகளில் இருக்கிறது. வீட்டை இடித்துத் தூணையும் நிலையையும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளுக்கு விற்கும்போது, பரணில் பூச்சி அரித்த பேரேடு, கடிதக் கட்டு, மூன்றாண்டுக் கணக்கு எதுவாவது கிடந்தால் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். தரமணியில் இருக்கிற அந்த நூலகத்துக்கு ஒரு தகவல் சொல்லுங்கள்.